1,500 ரூபாய்க்குள்

என் அக்கா மகள் சென்னை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பி.காம். முடித்தவள், வயது இருபத்திரண்டு. போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில் ஓர் இரவு வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினாள். நான்கும் முடியைச் சுருட்டும் கருவிகள். வயர் இல்லாதவை, சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். கீழே ஒரு வரி: "சித்தி, இதுல எது நல்லது? ஆயிரத்து ஐநூறுக்குள்ள வேணும். பாத்துச் சொல்லுங்க."

நான் நான்கு நிமிடக் குரல்பதிவு ஒன்றை அனுப்பினேன். உன் முடிக்கு என்ன குறை, யார் உன்னிடம் அது போதாது என்று சொன்னது, சம்பாதிக்கிற காசை இப்படிக் கம்பெனிக்காரன் கையில் கொடுக்கத்தான் படித்தாயா என்றெல்லாம். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னதையும் விடவில்லை. அவள் பதில் இரண்டு சொல்: "சரி சித்தி."

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் 'சரி'யின் பொருள் தெரியும். கேட்டுக்கொண்டேன், இனி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று பொருள். இரண்டு வாரம் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. வழக்கமாக அனுப்பும் காலை வணக்கப் படம்கூட இல்லை. அந்த மௌனத்தில்தான் என் பதிலை நானே திரும்பக் கேட்டேன். அதில் அவளுடைய கேள்விக்கு விடையே இல்லை. நான்கில் எது நல்லது என்று கேட்டவளுக்கு, நீ எப்படிப்பட்டவள் என்று சொல்லியிருந்தேன்.

என்னுடைய முனைவர் பட்டமும் கவிதைகளும் இந்த முடிக்குள் நிறையவே சிக்கியிருக்கின்றன. கூந்தலை 'ஐம்பால்' என்கிறது தமிழ், ஐந்து வகையாக முடிக்கப்படுவதால். உரைகாரர்கள் தரும் பட்டியல்களில் ஒன்று முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று போகும். சுருளுக்கு அங்கே தனி இடமே உண்டு. குழல் என்பது குழலைப் போலச் சுருட்டி முடிப்பது. அக்கா மகள் அனுப்பிய கருவியின் சூடாகும் பகுதியும் ஒரு குழல்தான். ஆற்று மணலில் நீர் விட்டுப்போகும் வரிகளுக்கு அறல் என்று பெயர், சங்கப் புலவர்கள் நெளிந்த கூந்தலுக்கு அதை உவமையாக்கினார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகள் அனிச்சையாகத் தங்கள் பின்னலைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அதே இலக்கியத்தில் கணவனை இழந்தவளின் கூந்தல் களையப்படுவதும் வருகிறது. அந்த இடத்தில் யாரும் பின்னலைத் தொடுவதில்லை.

நக்கீரர் கதை எல்லோருக்கும் தெரியும். 1965இல் வந்த திருவிளையாடல் படம் அதைத் தெருவெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வருவதா? அரசனுக்கு ஐயம், புலவருக்கு விடை, கடவுளுக்குக் கோபம். நான் மாணவியாக இருந்தபோது நக்கீரர் பக்கம் நின்றேன், நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாதவர் என்று. பேராசிரியராகி ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, ஐயம் எழுந்ததே அரசியின் கூந்தலிலிருந்து. அரசி அந்த அவையில் இல்லை. உன் தலையில் என்ன தடவினாய் என்று அவளிடம் ஒருவர் கேட்டிருந்தால் ஒரு புராணமே மிச்சமாகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. இயற்கையாக இருந்தால் உயர்வு, சேர்த்துக்கொண்டதாக இருந்தால் ஒரு படி தாழ்வு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. "உன் முடிக்கு என்ன குறை" என்று கேட்ட நானும் அந்த அவையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மாற்று விளக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடை கேட்கிறது, அதனால்தான் வாங்குகிறாள். அப்படி நினைத்ததும் மனம் லேசானது. கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது அல்லவா. பட்டுப்புடவைப் பிரிவில் நிற்பவளுக்குச் சீருடைச் சேலை கடை கொடுக்கிறது. ஊக்கு, பவுடர், பொட்டு, பூ எல்லாம் அவள் காசு. காலை பத்து மணியிலிருந்து இரவு வரை நின்றே வேலை. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்ததே 2021இல்தான். அதுவரை பெண்களின் கால் நரம்பு சுருண்டதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, இப்போது முடி சுருள வேண்டுமாம் என்று ஒரு கட்டுரைக்கான வாக்கியம்கூட மனதில் ஓடியது. அக்டோபரில் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னை போனபோது அவளைப் பார்க்கப் போனேன். அந்த வாக்கியத்தையும் கொண்டுபோனேன்.

கோடம்பாக்கத்தில் பெண்கள் விடுதி. ஓர் அறையில் நான்கு கட்டில், ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, நான்கு செல்போன் வயர்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹேர் டிரையர் கூடாது, மீறினால் 500 ரூபாய் அபராதம் என்று இருந்தது. வயர் இல்லாதது ஏன் வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் புரிந்தது.

"கடையில கேக்குறாங்களா?" என்றேன்.

"எதை?"

"முடியைச் சுருட்டிட்டு வரச் சொல்லி."

சிரித்துவிட்டாள். "கடையில கொண்டைதான் சித்தி. வலை போட்டு. ஒரு முடி வெளிய வந்தா சூப்பர்வைசர் அக்கா கத்தும். இது செவ்வாக்கிழமைக்கு."

துணிக்கடைக்காரர்களுக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். அவளுக்கு வார விடுமுறை செவ்வாய். அன்று காலையில் தூங்கி, துணி துவைத்து, சாப்பிட்டு, நான்கு மணிக்குத் தோழியோடு வெளியே போவாள். பெரும்பாலும் மெரினா, சில நாள் சும்மா பஸ்ஸில் ஏறி அடையாறு வரை. யாரைப் பார்க்க என்று என் வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினேன். அவளே சொன்னாள்: "யாருக்கும் இல்ல. ஆறு நாள் வலைக்குள்ள கெடக்குதுல்ல, ஒரு நாள் வேற மாதிரி இருக்கட்டும்னுதான்."

என் கோபத்தின் முகவரி தொலைந்தது அந்த நிமிடத்தில்தான்.

கடை வற்புறுத்துகிறது என்றால் அவள் ஆசையை என்னால் மன்னிக்க முடிந்தது. அவள் பாதிக்கப்பட்டவள் ஆகிவிடுவாள், நான் அவளுக்காகப் பேசுபவள் ஆகிவிடுவேன். யாரும் வற்புறுத்தவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னதும் என்னிடம் அவளுக்குத் தர ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் விருப்பத்துக்குப் பின்னால் ஒரு துன்பம் இருந்தால்தான் அதை மதிப்பேன் என்றால் அது என்ன மாதிரியான தோழமை? என் அண்ணன் மகன் பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்ந்த வாரமே ஒரு டிரிம்மர் வாங்கினான். வயர் இல்லாதது, சார்ஜ் போடுவது, ஏறத்தாழ இதே விலை. தாடியை ஒருநாள் குறுந்தாடி ஆக்குவான், ஒருநாள் மழித்துவிடுவான். அது யாருக்காக என்று நான் அவனுக்குக் குரல்பதிவு அனுப்பவில்லை. எந்த பிராண்ட் என்று மட்டும் கேட்டேன்.

இதற்காக 'அது அவள் தேர்வு' என்று சொல்லி நகர்ந்துவிடவும் என்னால் முடியவில்லை. தேர்வு என்கிற சொல்லை இன்றைக்கு ஷாம்பு விளம்பரமே எங்களைவிட நன்றாகப் பேசுகிறது. ஆசைக்கும் ஊர் உண்டு, சாதி உண்டு, சந்தை உண்டு. என் கதையே சாட்சி. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. சுருட்டையைச் சொல்லிப் பேசும் வாய், நிறத்தையும் பிறப்பையும் அதே மூச்சில் சேர்த்துத்தான் பேசும். 'காக்கா கூடு' என்று பள்ளியில் பெயர். அம்மா தினமும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, மண்டை வலிக்க இழுத்துப் பின்னுவாள். 2010இல் ஒரு கல்லூரி நேர்முகத்துக்கு முன்னால் 4,500 ரூபாய் கொடுத்து ஐந்து மணி நேரம் பார்லரில் உட்கார்ந்து முடியை நேராக்கிக்கொண்டேன். பெண்ணுடல் குறித்து முதல் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட அதே வருடம். அந்த மருந்தின் நெடி கண்ணை எரித்ததும், கண்ணாடியில் பார்த்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதும் இரண்டுமே நினைவில் இருக்கின்றன. அந்தப் பிடித்தல் என்னுடையதா, பள்ளிக்கூடத்துக் காக்கா கூட்டினுடையதா? பதினைந்து வருடம் ஆகியும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படி இருக்க, இருபத்திரண்டு வயதுக்காரியின் ஆசையைப் பிரித்துப் பார்த்துச் சான்றிதழ் தர நான் யார்?

"உங்களுக்குத்தான் முன்ன சுருட்டையா இருக்குமே சித்தி, நான் விரல் விட்டு விளையாடுவேன்" என்றாள் பேச்சுவாக்கில்.

"அதனாலயா இது?"

"ஐயோ, இல்ல. எல்லாத்துக்கும் காரணம் கேக்காதீங்க."

அன்றிரவு ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவள் முதலில் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டேன். நான்கில் எது?

இந்தக் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு, அதைப் படிக்காமல் எனக்கு எதையும் தொட வராது. 1872இல் பாரிசில் மார்செல் கிராத்தோ என்பவர் அடுப்பில் சுடவைத்த இடுக்கியால் முடியில் அலைகளை உருவாக்கினார். பின்னால் லண்டனில் கார்ல் நெஸ்லர் நிரந்தரச் சுருளுக்கு ஒரு முறையைக் கண்டார். அவருடைய முதல் சோதனைகள் மனைவி கத்தரினா லைபிளின் தலையில் நடந்தன. அவர் முடி கருகியது, தலைத்தோல் வெந்தது. கண்டுபிடித்தவராகக் கணவர் பெயர் நிலைத்தது. 1928இல் சிகாகோவில் மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண், அடுப்பில் இறைச்சியைக் கோத்து வேகவைக்கும் கம்பிகளைப் பார்த்து ஒரு சுருட்டும் இயந்திரத்தை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். அதன் உரிமை அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்குப் போனது. முடி வெந்தவளுக்கும் மூளையைக் கொடுத்தவளுக்கும் கிடைத்தது அவ்வளவுதான்.

மிச்சத்தைக் கல்லூரியில் இயற்பியல் துறைத் தோழி சொல்லிக்கொடுத்தாள், உணவு இடைவேளையில், டிபன் பாக்ஸ் மூடியில் பேனாவால் எழுதி. முடியின் புரத இழைகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. சூட்டில் அவை விட்டுவிடும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் திரும்பவும் விட்டுவிடும். அதனால்தான் சுருட்டியதும் தொடாமல் ஆறவிட வேண்டும், வியர்த்தால் போய்விடும், குளித்தால் ஒன்றுமே இருக்காது. நான் பார்லரில் செய்துகொண்டது அதைவிடக் கெட்டியான கந்தகப் பிணைப்பை மருந்தால் உடைப்பது. அவளுடையது அடுத்த குளியல் வரைக்கும்தான். எங்கள் இருவரில் யார் அதிகம் விலை கொடுத்தோம் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பிறகு பேட்டரி. விளம்பரத்தில் 5,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போடுவார்கள். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 18.5 வாட் மணி. குழலைச் சூடாக வைத்திருக்க 40 வாட் எடுத்துக்கொண்டால் முழுதாக அரைமணி நேரம்கூட வராது. சுவரில் செருகும் கருவிக்கு இந்தக் கணக்கு கிடையாது, மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். இது சின்ன உண்டியல். குளிர்ந்த முடியைச் சுற்றியதும் குழலின் சூடு இறங்கும், மறுபடி ஏற்ற உண்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அக்கா மகளுக்கு இடுப்பு வரை அடர்த்தியான முடி. ஒரு சார்ஜில் முழுத் தலையும் ஆகாது. இதை எந்த விளம்பரமும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

நான்கில் ஒன்று தானாக முடியை உள்ளே இழுத்துச் சுருட்டும் வகை. நீள முடிக்கு அது ஆபத்து, சிக்கினால் கத்தரிதான். இரண்டாவதில் பேட்டரிக்கு இந்தியத் தர அமைவனத்தின் பதிவு எண் இல்லை. லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதுதான் நான்கில் மலிவு, 899 ரூபாய். மூன்றாவதில் பதிவு எண் இருந்தது, ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, தானாக அணையும் வசதியும் இல்லை. நான்காவதில் 150, 170, 190 டிகிரி என்று மூன்று நிலை, பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், குழல் 25 மில்லிமீட்டர். விலை 2,250.

கட்டுப்படியாகும் விலை என்கிறோமே, அந்தக் 'கட்டுப்படி' யாரைக் கட்டுகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் சம்பளம் 13,500. விடுதிக்கு 6,500, வீட்டுக்கு 4,000. பஸ், போன், சோப்பு, நாப்கின், மருந்து எல்லாம் மிச்சம் 3,000 ரூபாயில். அதில் பாதியை எண்ணிப் பார்த்துத்தான் 1,500 என்று எல்லை போட்டிருக்கிறாள். அந்த எல்லைக்குள் சந்தை அவளுக்கு வைத்திருப்பது பாதுகாப்பு குறைந்த பொருளைத்தான். கூடுதலாக 750 ரூபாய் வைத்திருப்பவளின் தலையணை பத்திரமாக இருக்கும். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீயில் பெண்கள் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு விடுதிச் சுவரின் தாளை வெறும் அடக்குமுறை என்று என்னால் படிக்க முடியவில்லை. ஒரே பிளக்கில் நான்கு பேரை விடுவதும் அதே நிர்வாகம்தான் என்பது வேறு விஷயம்.

எனக்கு இப்போது ஓரளவு தெளிவாகப் படுவது இதுதான். விமர்சனத்தை விற்பவனிடமும் வேலைக்கு வைத்திருப்பவனிடமும் விடுதி நடத்துபவனிடமும் கொண்டுபோக வேண்டும். ஆசைப்பட்டவளிடம் முதலில் கொண்டுபோக வேண்டியது சரியான தகவல். வரிசை மாறினால் நம் விமர்சனம் இன்னொரு மாமியார் ஆகிவிடுகிறது. ஆசை எங்கிருந்து வந்தது என்று அவளோடு பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசலாம், என் பார்லர் கதையைச் சொல்லிவிட்டு. அதைச் சொல்லாமல் நான் அனுப்பிய நான்கு நிமிடம் நேர்மையானதில்லை. இந்த இடத்தில் என்னோடு உடன்படாத தோழிகள் உண்டு. கருவி வாங்க உதவிய பிறகு எதைக் கண்டிப்பாய் என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது. என் உதவியால் அந்தக் கம்பெனிக்கு ஒரு விற்பனை கூடியது உண்மை.

கணக்கையெல்லாம் எழுதி அனுப்பினேன். பாட்டி வழியையும் சேர்த்தேன். ஈர முடியில் ஐந்தாறு பின்னல் போட்டுத் தூங்கினால் காலையில் நெளிந்து நிற்கும், செலவில்லை, அதுவும் அதே ஹைட்ரஜன் பிணைப்புதான். உடனே பதில் வந்தது. "தெரியும் சித்தி, செஞ்சிருக்கேன். கடை முடிஞ்சு பதினோரு மணிக்கு வந்து தலை குளிச்சா விடியிற வரைக்கும் காயாது. சளி பிடிக்குது." நேரம் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பதை, நேரம் இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

மிச்ச 750 ரூபாயை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க குடுத்தா உங்க பேச்சும் சேர்ந்து வரும்" என்றாள். உரைத்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. பிறகு அறைத்தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கும் செவ்வாய்தான் விடுமுறை. ஆளுக்கு 1,125. கார்த்திகையில் நான்காவது கருவி வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் பேட்டரியின் பதிவு எண்ணைப் படம் எடுத்து அனுப்பினாள், சரியா என்று கேட்டு.

தை மாதம் மறுபடி சென்னை போனேன், ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து. என் முடி இப்போது பழையபடி சுருட்டை, பாதி நரை. அவள் கட்டிலில் உட்கார்ந்து சிறு கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, விரல் அகலம் முடியை எடுத்து, குழலில் சுற்றி, உதட்டுக்குள் பத்து எண்ணி விடுவித்தாள். சூடாகச் சுருண்டு விழுந்ததைத் தொடாதே, ஆறட்டும் என்று நான்தான் சொன்னேன். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் காதோரம் வந்தபோது பச்சை விளக்கு சிவப்பாகி அணைந்துபோனது. போன வாரம் தோழி எடுத்துவிட்டு சார்ஜ் போட மறந்திருந்தாளாம்.

"இருபத்தெட்டு நிமிஷம்னு சொன்னீங்களே" என்றாள் என்னைப் பார்த்து.

"முழு சார்ஜ்ல."

கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேராகத் தொங்கிய இடது பக்கத்தை என்னிடம் காட்டி, பின்னிவிடச் சொன்னாள். பின்னினேன், இழுக்காமல். நான்கு மணி ஆகிவிட்டது, தோழி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.